தடகளப் பயிற்சிக்குப் போகும் 14 வயது மகளுக்கு வீட்டுச் சாப்பாடு போதுமா? பயிற்சியாளர் புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்கிறார், என்ன செய்வது?

பவுடர் இருக்கட்டும். முதலில் பிள்ளைக்கு ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தீர்களா?

நான் உணவியல் படித்தவள் இல்லை. திண்டிவனம் பக்கம், வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுப் பிழைக்கிறேன். அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். உங்கள் வீடும் ஏறத்தாழ எங்களைப் போலத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். பவுடர் டப்பாவைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடிகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார்கள்.

என் மகள் 1500 மீட்டர் ஓடுகிறாள். ஒன்பதாவது படிக்கும்போது ஓட்டம் திடீரென்று இறங்கிவிட்டது. கடைசிச் சுற்றில் கால் எழவில்லை என்றாள். அப்போது இருந்த பயிற்சியாளர் சொன்னது இரண்டே விஷயம்: "வெயிட் போட்டுட்டா, சோத்தைக் குறைங்க. இந்தப் பவுடரை வாங்கிக் குடுங்க." டப்பா 2,800 ரூபாய். அவரிடமே கிடைக்கும்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது அவளுக்கு. தலை வாரினால் சீப்பு நிறைய முடி. மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை. அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். அந்த டாக்டரம்மா அவள் கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார்கள். உள்பக்கம் வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.9. இந்த வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனைத் தசைக்குக் கொண்டுபோவதே ஹீமோகுளோபின்தான். அது இல்லாத பிள்ளைக்கு எந்தப் பவுடர் போட்டுக் கால் எழும்?

"காலையில என்னம்மா சாப்பிட்டுட்டு ஓடுற?" என்று கேட்டார்கள். "டீ" என்றாள். சோறு பாதியாகக் குறைந்திருந்தது, பயிற்சியாளர் சொன்னதால். டாக்டரம்மா என்னிடம் திரும்பிச் சொன்னார்கள்: "ஓடுற அளவுக்குச் சாப்பாடு பத்தலைன்னா உடம்பு மாதவிடாயை நிறுத்திடும்மா. அப்படியே விட்டா எலும்பும் தேஞ்சிடும். இவளுக்குச் சோத்தைக் கூட்டணும், குறைக்கக் கூடாது."

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். இதைப் போடும்போது மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். டீ, காபி, பாலோடு போடக் கூடாது, சத்து உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாறோடு போட்டால் நன்றாகச் சேரும். சாப்பாட்டுக்கும் இதே கதைதான். முருங்கைக்கீரை பொரியல் சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் கீரையில் இருக்கும் இரும்பு பாதி வீண். கூடவே ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ கொடுங்கள். பீட்ரூட் ஜூஸ் குடித்தால் ரத்தம் ஊறும் என்று யாராவது கருத்துப் பெட்டியில் எழுதுவீர்கள், தெரியும். நிறம்தான் சிவப்பு, அதில் இரும்பு கொஞ்சம்தான். அசைவம் சாப்பிடுகிற வீடென்றால் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்கு வெள்ளனப் போய் ஆட்டு ஈரலோ சுவரொட்டியோ வாங்குங்கள். கீரையில் இருக்கும் இரும்பைவிடக் கறியில் இருப்பது உடம்பில் சுலபமாகச் சேரும்.

இப்போது அவள் சாப்பிடுவதைச் சொல்கிறேன். இதை அப்படியே செய்யுங்கள் என்று சொல்லவில்லை, உங்கள் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளுமோ அதைப் பாருங்கள். விடியற்காலை ஓடப் போகும் முன் ஒரு வாழைப்பழம், அரை டம்ளர் கேழ்வரகுக் கஞ்சி உப்புப் போட்டு. நிறையக் கொடுத்தால் வயிறு பிடித்துக்கொள்ளும். ஓடி முடித்த கையோடு மைதானத்திலேயே இரண்டு அவித்த முட்டை. டிபன் பாக்ஸில் உரிக்காமல் போட்டு அனுப்புவேன், உரித்தால் வாடை வருகிறது என்று மற்ற பிள்ளைகள் முன் கூச்சப்படுகிறாள். வீட்டுக்கு வந்ததும் வயிறு நிறைய இட்லி சாம்பார், இல்லையென்றால் பழைய சோறும் மோரும். பள்ளியில் சத்துணவு முட்டை வாரத்தில் 5 நாளும் உண்டு, அதை வாங்கிச் சாப்பிடு, வெட்கப்படாதே என்று சொல்லி அனுப்புகிறேன். சாயங்காலம் அவித்த மல்லாட்டையோ (வேர்க்கடலை) கொண்டைக்கடலைச் சுண்டலோ. ராத்திரி சோறு, பருப்பு, கீரை. படுக்கும் முன் பால்.

இதில் புரதம் எங்கே இருக்கிறது என்று ஜிம் தம்பிகள் கேட்பார்கள். கேளுங்கள். பயிற்சி எடுக்கிறவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறார்கள். என் மகள் 45 கிலோ. குறைந்தது 54 கிராம். முட்டை ஒன்றில் 6 கிராம், காய்ந்த மல்லாட்டைப் பருப்பு 100 கிராமில் 25 கிராம் (அவித்ததில் இதைவிடக் குறைவு). பால், பருப்பு, கடலை, சோறு, இட்லி எல்லாம் சேர்த்தால் நாளைக்கு 60-க்கு மேல் தாராளமாக வந்துவிடுகிறது. அந்த டப்பாவின் காசுக்கு முட்டை ஏழு ரூபாய் என்று வைத்தாலும் 400 முட்டை. பவுடர் விஷம் என்று நான் சொல்லவில்லை. சாப்பிட நேரமே இல்லாதவர்களுக்கு, டாக்டர் சொன்னவர்களுக்கு அது உதவட்டும். வளரும் பிள்ளைக்குச் சோற்றைக் குறைத்துவிட்டு அதைக் கொடு என்று சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சோறு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அவளுக்கு நான் மறுசோறு போடும்போது எங்கள் பெரிய நாத்தனார் பார்த்துவிட்டு, "பொம்பளப் புள்ளைக்கு இம்மாஞ் சோறா?" என்றார். அவர் மகன் அதே பந்தியில் மூன்றாவது முறை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனை யாரும் எண்ணவில்லை. "ஓடுறவ தின்னட்டும் அண்ணி, அவ தட்டை யாரும் பார்க்காதீங்க" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இப்படித் தட்டைப் பார்த்துப் பார்த்துத்தானே பாதிப் பெண்கள் ரத்தமில்லாமல் கிடக்கிறோம்? இதை எழுதினால் குடும்பத்தைக் குறை சொல்கிறாள் என்பார்கள். சொல்லட்டும்.

மாத்திரை தொடங்கி மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது அவள் ஹீமோகுளோபின் 11.6. மாதவிடாய் திரும்ப வந்துவிட்டது. கடைசிச் சுற்றில் இப்போது யாரையாவது தாண்டிவிட்டுத்தான் வருகிறாள். பயிற்சியாளரையும் மாற்றிவிட்டோம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. சாப்பாட்டுக்கு இவ்வளவு பாடுபடுகிறோம், ஆனால் அந்த மைதானத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை கிடையாது. அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் ஓடுகிறார்கள். என் மகள் மட்டுமில்லை, அங்கே வரும் அத்தனை பெண்களும். நான் கொடுத்துவிடும் பாட்டில் அப்படியே முழுசாகத் திரும்பி வரும். சிறுநீர்த் தாரையில் தொற்று வந்து ஒரு பிள்ளை பயிற்சியையே விட்டுவிட்டது. பரிசு வாங்கினால் மட்டும் மாலை போட்டுப் படம் எடுக்க எல்லாரும் வருகிறார்கள். அம்மாக்கள் சேர்ந்து திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். இன்னும் கட்டவில்லை. இப்போதைக்கு மைதானத்துக்கு எதிரே இருக்கும் ஒரு வீட்டு அக்கா தன் வீட்டுக் கழிப்பறையைத் திறந்துவிடுகிறார்.

உங்கள் மகள் ஓடும் இடத்தில் என்ன நிலை என்று அவளிடமே கேளுங்கள். தானாகச் சொல்ல மாட்டாள்.