மூத்தாள் சுட்ட ரொட்டி

கேள்வி: அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், செயின்ட் ஜார்ஜ் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியராக இருக்கிறேன். என்னுடன் வேலை பார்க்கும் ஒரு பெண் ஹில்டேல் என்ற ஊர்க்காரர். மார்மன் என்பது அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவ சமயம்; அதில் பலதார மணத்தைக் கடைப்பிடிக்கும் ஒரு சிறு பிரிவில் ஒருவருக்கு மூன்றாவது மனைவியாக இருந்தவர். இரண்டு வருடங்களுக்கு முன் ஐந்து குழந்தைகளோடு வெளியேறினார். மதியம் சாப்பிடும்போது மூத்த மனைவியைப் பற்றி ஆசையாகப் பேசுவார். பதினெட்டுப் பேருக்கு அவர் மாவு பிசைந்து ரொட்டி சுடுவதைச் சொல்லும்போது கண் கலங்கிவிடும். ஒருநாள், ‘எப்படித்தான் இத்தனை வருடம் பொறுத்துக்கொண்டீர்களோ!’ என்று கேட்டுவிட்டேன். சிரித்துவிட்டு எழுந்து போனார். அதன் பிறகு என்னோடு சாப்பிட உட்காருவதில்லை. இப்போது அந்த மூத்தவர் அடிக்கடி போன் செய்கிறாராம். இவர் திரும்பிப் போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது. நான் தடுக்க வேண்டாமா?
– பெயர் வேண்டாம், செயின்ட் ஜார்ஜ்

பதில்: வேண்டாம். யாரோடு வாழ்வது, எந்த வீட்டில் இருப்பது என்று அவருக்காக மற்றவர்களே முடிவு செய்த காலம் போதும். அந்த வரிசையில் நீங்களும் போய் நிற்காதீர்கள்.

ஒரு கணவருக்கு இரண்டு மனைவியர் என்றதும் நமக்குச் ‘சக்களத்தி’ என்ற சொல்தான் முதலில் நாக்கில் வருகிறது. அந்தச் சொல்லிலேயே பாதிச் சண்டை இருக்கிறது. அவர்கள் ஊரில் அதே உறவுக்கு ‘சிஸ்டர் வைஃப்’ என்று பெயர். பெயர் இனிமையாக இருப்பதால் பொறாமை இல்லாமல் போய்விடாது. இன்றிரவு கணவர் யாருடைய அறையில் என்பது அங்கேயும் வலிக்கிற விஷயம்தான். ஆனால் கணவர் முறை வைத்து வந்து போகிறவர். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கூட விழித்திருப்பவள் மூத்தாள்தான். உங்கள் தோழி வீட்டை விட்டு வந்தபோது அவளையும் இழந்துவிட்டார். அந்த ஏக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தவரிடம் போய், ‘எப்படிப் பொறுத்தீர்கள்’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொறுத்துக்கொள்வது என்ற பேச்சுக்கே அங்கே அதிகம் இடம் கிடையாது. திருமணத்தை முடிவு செய்வது பெண்ணோ பெற்றவர்களோ அல்ல. தீர்க்கதரிசி என்று அவர்கள் நம்பும் தலைவர், இன்னாருக்கு இன்னார் என்று கடவுள் தன்னிடம் சொன்னதாக அறிவிப்பார். ஆணுக்கு மூன்று மனைவியராவது இருந்தால்தான் சொர்க்கத்தின் உச்சப் படி கிட்டும். பெண்ணுக்கோ கணவரின் வழியாகத்தான் சொர்க்கமே. சட்டப்படி பதிவாவது முதல் திருமணம் மட்டும். மூன்றாவதாகப் போனவருக்குத் திருமணச் சான்றிதழும் கிடையாது, விவாகரத்து கேட்க வழியும் கிடையாது. குடியிருந்த வீடுகூட 1942-இல் தொடங்கிய ஒரு பொது அறக்கட்டளையின் பெயரில் இருந்தது. அந்தப் பிரிவின் தலைவர் வாரன் ஜெஃப்ஸின் ஆட்சியில், பிடிக்காத ஆணை ஊரை விட்டு விலக்கி, அந்த ஆணின் மனைவி மக்களை இன்னொருவருக்கு ஒதுக்கிக் கொடுத்ததும் நடந்திருக்கிறது. சிறுமிகளை மனைவியாக்கிப் பாலியல் வன்கொடுமை செய்ததற்காக 2011-இல் டெக்சாஸ் நீதிமன்றம் ஜெஃப்ஸுக்கு ஆயுள் தண்டனையும் அதற்கு மேல் 20 ஆண்டுகளும் விதித்தது.

அந்தச் சிரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘கீப் ஸ்வீட்’, அதாவது இனிமையாக இரு என்பது அங்கே பெண் குழந்தைகளுக்குச் சிறு வயதிலிருந்தே போதிக்கப்படும் பாடம். கோபம் வந்தாலும் சிரி, அழுகை வந்தாலும் சிரி. நீங்கள் பார்த்தது அந்தச் சிரிப்பு. ஒருநாள் அவர் உங்கள் மேல் எரிந்து விழுந்தால் நான் மகிழ்ச்சி அடைவேன்.

வெளியாளின் இரக்கத்துக்கும் அந்த ஊரில் ஒரு பழைய கதை இருக்கிறது. ஹில்டேலும் எல்லைக்கு அப்பால் அரிசோனாவில் உள்ள கொலராடோ சிட்டியும் சேர்ந்த பகுதிக்கு ஷார்ட் க்ரீக் என்று பெயர். 1953 ஜூலை 26 அன்று அரிசோனா போலீஸ் அங்கே புகுந்து 263 குழந்தைகளைக் கொண்டுபோனது. சில தாய்மார்களுக்குப் பிள்ளைகள் திரும்பக் கிடைக்க இரண்டு ஆண்டுகள் வரை ஆயின. 2008-இல் டெக்சாஸில் இதே பிரிவினரின் பண்ணையிலிருந்து 400-க்கும் மேற்பட்ட குழந்தைகளை அரசு அழைத்துப் போக, அது தவறு என்று அந்த மாநில உச்ச நீதிமன்றமே சொல்லித் திருப்பி அனுப்ப வைத்தது. பாட்டியும் அம்மாவும் இதையெல்லாம் சொல்லி வளர்த்த பெண்ணிடம் நீங்கள் கேட்கும் கேள்வி, நீங்கள் நினைக்கிற மாதிரி போய்ச் சேராது.

(நடுவில் ஒரு வார்த்தை: உங்கள் நகரத்தில் நீங்கள் சந்திக்கும் மார்மன்களில் பெரும்பாலோர், 1890-இலேயே பலதார மணத்தைக் கைவிடுவதாக அறிவித்த பெரிய சபையைச் சேர்ந்தவர்கள். இன்று அதைச் செய்தால் சபையிலிருந்து நீக்கிவிடுவார்கள். வீட்டுக்காரரிடம் போய் எத்தனை மனைவி என்று கேட்டுவைக்காதீர்கள்.)

இப்போது அந்தப் போன். உங்கள் தோழி இருந்த சபையை விட்டு வெளியேறியவரோடு பேசக் கூடாது என்பது அவர்களிடையே கண்டிப்பான கட்டளை. அதை மீறி மூத்தவர் பேசுகிறார் என்றால், அழைத்துக்கொண்டு போகத்தான் என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? அவரே வாசற்படியில் ஒரு காலை வைத்து நிற்கிறாரோ என்னவோ. ஊரும் பழைய ஊராக இல்லை. 2005-இல் அந்த அறக்கட்டளையை நீதிமன்றம் தன் பொறுப்பில் எடுத்தது. வெளியேறிய பலர் திரும்பி வந்து வீடுகளைத் தங்கள் பெயரில் வாங்கினார்கள். 2017-இல் ஹில்டேல் மேயராகத் தேர்வானவர், அந்தச் சபையிலிருந்து விலகிய டோனியா ஜெசப் என்ற பெண்மணி. எனவே ஹில்டேலுக்குப் போவதும் அந்தத் திருமணத்துக்குப் போவதும் ஒன்றல்ல.

அவராக உதவி கேட்டால் மட்டும் செய்யக் கூடியவை சில உண்டு. குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் அவர் கையில் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். எங்கே வாழ முடிவு செய்தாலும், குழந்தைகள் யார் பொறுப்பில் என்பதற்கு நீதிமன்ற உத்தரவு ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. 2000-இல் இந்தச் சபையார் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளிலிருந்து மொத்தமாக நிறுத்தினார்கள். உங்கள் தோழிக்கு அப்போது பள்ளி வயது என்றால் படிப்பு அதோடு நின்றிருக்கும். படிவம் நிரப்பத் தயங்கினால் அதைச் சோம்பல் என்று நினைக்காதீர்கள். வழக்குக்குப் பயந்து யாரிடமும் போகாமல் இருக்கிறார் என்றால், 2020 முதல் யூட்டாவில் வயதுவந்தவர்கள் சம்மதத்தோடு பலதார மணத்தில் வாழ்வது போக்குவரத்து அபராதம் போன்ற சிறு மீறல்தான் என்று சொல்லுங்கள். இப்படி வெளியே வருபவர்களுக்காகவே ‘ஹோல்டிங் அவுட் ஹெல்ப்’ என்ற அமைப்பும் அங்கே இருக்கிறது.

ஒன்றில் மட்டும் தயங்க வேண்டாம். அவருடைய பெண் குழந்தைகளில் ஒருத்திக்கு மாப்பிள்ளை பேச்சு என்று காதில் விழுந்தால், நட்பு கெட்டாலும் சரி, அன்றே புகார் செய்யுங்கள். குழந்தைகளுக்கு எதிரான கொடுமையை யார் அறிந்தாலும் தெரிவிக்க வேண்டும் என்பது யூட்டா சட்டம்.

அது தவிர உங்கள் வேலை சிறியது. நாளை மதியம் அவர் உட்காரும் மேசைக்கு நீங்கள் போங்கள். மன்னிப்பை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுங்கள். பிறகு, பதினெட்டுப் பேருக்கு ரொட்டி என்றால் எத்தனை கிலோ மாவு பிசைய வேண்டும் என்று கேளுங்கள்.