டி.எஸ்.எச். 6.2 என்றால் வாழ்நாள் முழுதும் மாத்திரையா?

கேள்வி: எனக்கு வயது 38. ஆறு மாதமாக ஓயாத சோர்வு, முடி உதிர்தல். எடையும் 4 கிலோ கூடியிருக்கிறது. டி.எஸ்.எச். 6.2 என்று வந்ததும், ஆய்வகத்தினர் தொலைபேசியில் அழைத்து ‘முழு தைராய்டு பேக்கேஜ்’ எடுக்கச் சொல்கிறார்கள். முடிக்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறேன். இனி ஆயுள் முழுதும் தைராய்டு மாத்திரை சாப்பிட வேண்டுமா?

பதில்: இந்த ஓர் எண்ணை வைத்து அப்படி முடிவுகட்ட முடியாது. சோர்வும் முடி உதிர்தலும் இரத்தசோகையிலும் வரும். அவற்றோடு குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தோல் வறட்சி, குரல் கரகரப்பு, மாதவிடாயில் மிகுந்த இரத்தப்போக்கு ஆகியவையும் சேர்ந்தால்தான் தைராய்டின் மீது சந்தேகம் வலுக்கிறது.

டி.எஸ்.எச். என்பது தைராய்டைச் சுரக்கும்படி மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி இடும் கட்டளை; தைராய்டு குறைவாகச் சுரந்தால் அது கூடும். பெரும்பாலான ஆய்வகங்களில் அதன் இயல்பளவு ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை. இரண்டு, மூன்று மாதம் கழித்து அதை மீண்டும் பாருங்கள்; கூடவே ஃப்ரீ டி4-ஐயும் (இரத்தத்திலுள்ள தைராய்டு ஹார்மோனின் அளவு) பாருங்கள். ஃப்ரீ டி4 இயல்பாக இருந்து, டி.எஸ்.எச். 10-க்குள் நின்றால், கருத்தரிக்கும் எண்ணம் இல்லாத பலருக்கு உடனே மாத்திரை தேவைப்படுவதில்லை. ஃப்ரீ டி4 குறைந்திருந்தால் தள்ளிப்போடாமல் தொடங்க வேண்டும்.

பேக்கேஜை வாங்காதீர்கள். அதில் சேர்த்துக் கட்டியிருக்கும் டி3 என்ற மற்றொரு தைராய்டு ஹார்மோன் பரிசோதனை, சுரப்புக் குறைவைக் கண்டறிய அநேகமாக உதவாது. நோய் முற்றும் வரை டி3 இயல்பாகவே இருக்கக்கூடும். எண்ணுக்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு குறியிட்டு, பொருள் சொல்ல ஒரு மருத்துவரைக்கூட அமர்த்தாமல், அந்தப் பயத்தையே அடுத்த விற்பனைக்கு முதலாக்கும் இந்த ஏற்பாட்டை யாரும் தட்டிக்கேட்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் எரிச்சல்.

ஆனால் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன பயோட்டினைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். உடலுக்கு ஒரு நாளைக்குப் போதுமானது சுமார் 30 மைக்ரோகிராம். முடிக்கென்று விற்கும் மாத்திரைகளிலோ 5, 10 மில்லிகிராம் கூட இருக்கும். இரத்தத்தில் மிகும் பயோட்டின் சில பரிசோதனைக் கருவிகளை ஏமாற்றி, டி.எஸ்.எச்.-ஐ உள்ளதைவிடக் குறைத்தும் ஃப்ரீ டி4-ஐக் கூட்டியும் காட்டும். ஆகவே உங்கள் உண்மையான டி.எஸ்.எச். 6.2-ஐவிட அதிகமாகவும் இருக்கலாம். நோய் இருந்தும் ஃப்ரீ டி4 இயல்பாகத் தெரியவும் வாய்ப்புண்டு. அடுத்த பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்துங்கள். இரத்தம் எடுப்பவர் இதைக் கேட்கமாட்டார், நீங்களே சொல்லுங்கள். அதே இரத்தத்தில் ஹீமோகுளோபினையும், உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்கும்படி மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.