ஓஸ்லோவில் ஐந்து வக்துத் தொழுகையும் எப்படி?

வ அலைக்கும் ஸலாம் தம்பி. மே மாதம் நார்வேயின் ஓஸ்லோவுக்கு வேலைக்கு வருவதாகவும், சூரியன் மறையாத நாட்டில் மஃரிபும் (சூரியன் மறைந்ததும் தொழுவது) இஷாவும் (நன்றாக இருட்டிய பின் தொழுவது) எப்படித் தொழுவதென்றும் கேட்டிருந்தீர்கள்.

ஓஸ்லோவில் சூரியன் மறையும். மறையாதது வடக்கே, டிரோம்சோ பக்கம். மே 20 வாக்கில் தொடங்கி ஜூலை 22 வாக்கு வரை. அந்த நாட்களில் அங்குள்ள முஸ்லிம் ஜமாஅத் மக்கா நேரத்தை வைத்துத் தொழுகிறது. ‘ஒரு நாள் ஒரு வருடம் போல நீண்டால் ஒரு நாளின் தொழுகை போதுமா?’ என்று ஸஹாபாக்கள் (நபித் தோழர்கள்) கேட்க, ‘போதாது, கணக்கிட்டுக்கொள்ளுங்கள்’ என்று நபி (ஸல்) சொன்னது ஸஹீஹ் முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது.

நமக்குச் சிக்கல் இஷாவில்தான். ஜூன் கடைசியில் மஃரிப் இரவு 10.45க்கு; காலை நாலுக்கு முன்னால் சூரியன் வந்துவிடும். நடுவில் முழு இருட்டே விழாது. அதனால் ஒரு பள்ளிவாசலில் மஃரிபுக்கு ஒன்றரை மணி நேரம் கழித்து இஷா, இன்னொன்றில் மஃரிபோடு சேர்த்து. போனில் இருக்கிற ஆப் மூன்றாவதாக ஒரு நேரம் காட்டும். எது சரி என்று வாட்ஸ்அப்பில் மல்லுக்கட்ட ஆள் நிறைய உண்டு. நீங்கள் பக்கத்துப் பள்ளியின் அட்டவணையைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருங்கள்.

எல்லோரும் கோடையைப் பற்றியே கேட்கிறார்கள். ஆளைச் சோதிப்பது டிசம்பர். லுஹர் (நடுப்பகல் தொழுகை) 12.15, அஸர் (பிற்பகல் தொழுகை) 1.10, மஃரிப் 3.12. மூன்றும் ஆபீஸ் நேரத்துக்குள். அஸர் நேரத்தை நிழலின் நீளத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள்; இங்கே நடுப்பகலிலேயே உங்கள் நிழல் உங்கள் உயரத்தைப் போல எட்டு மடங்குக்கு மேல் நீண்டு கிடக்கும். லுஹரை ஒரு மணிக்குத் தொழுதுவிட்டு, அப்படியே உட்கார்ந்திருந்து 1.10க்கு அஸரையும் முடித்துவிடுங்கள். ஒரே ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது), ஒரே இடைவேளை. பாகிஸ்தானியர் பள்ளிகளில் ஹனஃபி மத்ஹபின் (சட்டப் பள்ளியின்) கணக்குப்படி அஸர் இன்னும் பதினைந்து, இருபது நிமிடம் தள்ளி வரும். சுபுஹுக்கு (சூரியன் உதிக்கும் முன் தொழுவது) அவசரமே இல்லை, ஒன்பது மணி தாண்டித்தான் சூரியன் உதிக்கும்.

ரமலான் இப்போது குளிர்காலத்துக்குள் நகர்ந்துகொண்டிருக்கிறது. 2015 ஜூனில் இங்கே நோன்பு பிடித்தவர்களோடு ஒப்பிட்டால் உங்களுக்கு லேசு. நோன்புக் கஞ்சி மட்டும் பள்ளியில் எதிர்பார்க்காதீர்கள். பக்கோடாவும் சமூசாவும் கிடைக்கும், கஞ்சி நாமே காய்ச்சினால்தான்.

பள்ளியில் உறுப்பினராகச் சேரச் சொல்லிப் படிவம் நீட்டுவார்கள். தலைக்கு இவ்வளவு என்று அரசு மானியம் கிடைப்பதால் ஒரே இடத்தில்தான் பெயர் கொடுக்கலாம். போய்ப் பழகிவிட்டுக் கொடுங்கள்.

பெருநாளுக்கு வருடத்தில் இரண்டு நாள் லீவு கேட்கச் சட்டத்தில் உரிமை உண்டு, ஆனால் 14 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். அந்த நேரத்துக்கு வேறு நாளில் வேலை செய்யச் சொல்லவும் முதலாளிக்கு முடியும். பிறை தெரிந்த இரவில் போய்ச் சொன்னால் எடுபடாது. பிறையைப் பொறுத்துப் பெருநாள் வரக்கூடிய இரண்டு தேதியையும் மேலாளரிடம் எழுதிக் கொடுத்து வைத்துவிடுங்கள்.