நீதிபதி டேவிஸின் நடுநிலை – கடிதம்

ஐயா,

சட்டம் படிக்கிறேன். அமெரிக்காவின் டேவிட் டேவிஸைப் பற்றி வகுப்பில் கட்டுரை வாசிக்க வேண்டும். வழக்கறிஞர், இல்லினாய்ஸ் சட்டமன்ற உறுப்பினர், நீதிபதி, கடைசியில் செனட்டர். லிங்கனின் வெற்றிக்கு உழைத்தவரை லிங்கனே உச்ச நீதிமன்றத்தில் அமர்த்தியது கைம்மாறுதானே? ஆனாலும் எந்தக் கட்சியிலும் ஒட்டாத அவரது நடுநிலை எனக்குப் பிடித்திருக்கிறது. நீதிபதியாக இருந்தவர் அரசியலுக்குப் போகலாமா?

க.

அன்புள்ள க.,

கொஞ்ச நாளாக 1877ஐச் சுற்றியேதான் படித்துக்கொண்டிருக்கிறேன். சரியான நேரத்தில் வந்து மாட்டினீர்கள்.

கைம்மாறுதான், சந்தேகமென்ன? 1860இல் குடியரசுக் கட்சியின் சிகாகோ மாநாட்டில் ஆள்பிடித்து லிங்கனை வேட்பாளராக்கியவர் அவர். 1862இல் பதவி வந்தது. ஆனால் 1866இல், லிங்கன் காலத்து ராணுவ விசாரணைக் குழு தூக்குத் தண்டனை விதித்த மில்லிகனின் வழக்கில், சாதாரண நீதிமன்றங்கள் திறந்திருக்கும் இடத்தில் குடிமகனை ராணுவம் விசாரிக்க முடியாது என்று எழுதியதும் அவர்தான். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அவரது சுற்று நீதிமன்ற நாட்களை ஒரு வரியில் தாண்டியிருப்பீர்கள். பாவம், அங்கேதான் மனிதர் இருக்கிறார். சேற்றுப் பாதையில் ஊர் ஊராக நீதிமன்றம் போகும், வழக்கறிஞர்களும் பின்னாலேயே போவார்கள். விடுதியில் அவர்கள் ஒரே கட்டிலில் இரண்டு மூன்று பேராக நெருக்கியடித்துப் படுப்பார்கள். 300 பவுண்டை ஒட்டிய டேவிஸுக்கு மட்டும் தனிக் கட்டில். அவர் வர முடியாத நாட்களில், அந்த வழக்கறிஞர்களில் ஒருவரான லிங்கனே அவரது நாற்காலியில் அமர்ந்து வழக்குக் கேட்டதும் உண்டு.

நடுநிலைக்கு வருவோம். யாரைக் கேட்டு அந்தச் சொல்லை எழுதினீர்கள்? 1876 அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் டில்டனும் குடியரசுக் கட்சியின் ஹேஸும் மோதினார்கள். அங்கே அதிபரை முடிவு செய்வது மாநிலங்களின் தேர்வாளர்கள் போடும் வாக்கு. வெற்றிக்கு டில்டனுக்கு அதில் ஒன்று குறைந்தது, 20 வாக்குகள் தகராறில் கிடந்தன. தீர்த்துவைக்க 15 பேர் குழு அமைத்தார்கள். கட்சிக்கு ஏழு பேர், பதினைந்தாவதாக டேவிஸ் என்று கணக்கு. அந்த வாரமே இல்லினாய்ஸ் சட்டமன்றம், டில்டனின் ஜனநாயகக் கட்சியினரும் சேர்ந்து வாக்களித்து, அவரை செனட்டராக்கியது. குளிர்விக்க நினைத்தார்கள் போலும். அவரோ அதையே காரணம் காட்டிக் குழுவிலிருந்து நழுவிவிட்டார். அவர் இடத்துக்கு வந்த பிராட்லி குடியரசுக் கட்சிக்காரர். எட்டுக்கு ஏழு என்று இருபது வாக்கும் ஹேஸுக்குப் போயின. தெற்கில் இருந்த கடைசிக் குடியரசுக் கட்சி அரசுகளுக்குக் காவல் நின்ற படைகளை ஹேஸ் விலக்கிக்கொண்டார். அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் அங்கிருந்த கறுப்பின மக்கள்.

செனட்டுக்குப் போகிறவர் எப்படித் தீர்ப்புச் சொல்வார் என்று கேட்பீர்கள். அம்மா, அவர் மார்ச் வரை உச்ச நீதிமன்ற நீதிபதியாகவே நீடித்தார்! மற்ற வழக்குகளுக்கு நீதிபதியாக இருக்கலாம், இந்த ஒன்றுக்கு மட்டும் கூடாதா? ஐந்தாறு வாரம் வசைகளைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அது அவரால் ஆகவில்லை. வசையெல்லாம் பிராட்லியின் தலையில் விழுந்தது.

1881இல் கார்ஃபீல்டு கொல்லப்பட்டு துணை அதிபர் ஆர்தர் அதிபரானபோது, செனட் கட்சி சாராத டேவிஸைத் தற்காலிகத் தலைவராக்கியது. அன்றைய சட்டப்படி ஆர்தருக்கு அடுத்து அதிபராக வேண்டியவர் அவர்தான். அதிபர் யாரென்று சொல்ல மறுத்தவர்! கட்டுரையை இங்கிருந்து தொடங்குங்கள், எழுதியதும் எனக்கு அனுப்புங்கள்.