1,500 ரூபாய்க்கு 'லாஸ்லெஸ்' பாட்டு வாங்கலாமா?

கேள்வி: அப்பாவும் அவர் கூட்டாளிகளும் கரைவலை இழுக்கும்போது பாடிய அம்பாப் பாட்டை எங்கள் தெருத் தம்பி ஒருவர் செல்போனில் எடுத்து யூடியூப்பில் போட்டிருந்தார். பத்து நிமிடம் ஓடும். அப்பா இப்போது இல்லை. வீடியோவிலிருந்து பாட்டை மட்டும் பிரித்து, 'லாஸ்லெஸ்' (ஒலி எதுவும் குறையாத) ஃபிளாக் கோப்பாக மாற்றி பென்டிரைவில் போட்டுத் தர ராமநாதபுரத்தில் ஒரு கடையில் 1,500 ரூபாய் கேட்கிறார்கள். சிடி தரத்தில் இருக்குமாம். கொடுக்கலாமா?
– வாசகர், பாம்பன்

பதில்: கொடுக்காதீர்கள். கடைக்காரர் தரப்போவது ஃபிளாக் கோப்பாகத்தான் இருக்கும், அதில் பொய் இல்லை. 'சிடி தரம்' என்பதில்தான் வில்லங்கம்.

யூடியூப்பில் ஏறும் எந்த வீடியோவின் ஒலியும் ஏஏசி அல்லது ஓபஸ் என்ற முறையில் சுருக்கப்படுகிறது. காதுக்கு எடுபடாது என்று கணக்குப் போட்டுச் சில நுணுக்கங்களை அந்த முறைகள் தள்ளிவிடும். தள்ளியது தள்ளியதுதான். ஃபிளாக் செய்வதெல்லாம், கையில் கொடுத்ததை ஒரு துளி குறையாமல் பத்திரப்படுத்துவது மட்டுமே. ஏற்கெனவே போனதை அது எங்கிருந்து கொண்டுவரும்? கருவாடு மீனாகாது என்பார்களே, அந்தக் கதைதான். ஊறப்போட்டால் உப்பும், அவ்வளவே.

கோப்பும் அப்படித்தான் உப்பும். நொடிக்கு 128 கிலோபிட் ஏஏசி என்றால் உங்கள் பத்து நிமிடப் பாட்டு 10 எம்பி கூட வராது. அதையே சிடி அளவுக்கு, அதாவது 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ வேவ் (சுருக்காத ஒலி) கோப்பாக விரித்தால் 105 எம்பியைத் தாண்டும். ஃபிளாக் அதைப் பாதியை ஒட்டிச் சுருக்கித் தரலாம். கோப்பின் எடை பார்த்து 'அட, தரம் கூடியிருக்கிறது' என்று நம்பிவிடுகிறோம்.

உங்களுக்கு வேண்டியது மாற்றுவது அல்ல, பிரிப்பது. எம்பி4 கோப்புக்குள் படம் தனி, ஒலி தனியாகத்தான் இருக்கின்றன. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் படத்தை விட்டுவிட்டு ஒலியை மட்டும் 'காப்பி' செய்யச் சொன்னால், மறுபடி சுருக்காமல் அப்படியே எம்4ஏ கோப்பாக வெளியே வரும். கட்டளை தட்டச்சு செய்யக் கூச்சமாக இருந்தால் விஎல்சியில் 'கன்வெர்ட்' பகுதிக்குப் போய், மூல ஒலித்தடத்தை அப்படியே வைக்கச் சொல்லும் கட்டத்தை டிக் செய்யுங்கள். இரண்டுக்கும் காசு இல்லை.

ஆனால் அதற்கு முன், அந்தத் தம்பியைப் பிடியுங்கள். அவருடைய பழைய போனிலோ மெமரி கார்டிலோ மூல வீடியோ கிடந்தால் அதுதான் பொக்கிஷம். யூடியூப்பில் இருப்பது அதன் நகல். போன் போய்விட்டது என்றாலும் கவலையில்லை. அவர் தன் கணக்கில் உள்ளதைத் தரவிறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் வழியாகக் கேட்டால், ஏற்றிய கோப்பே பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோவாக அனுப்பச் சொல்லாதீர்கள், அது இன்னொரு முறை சுருக்கும். 'டாக்குமெண்ட்' என்று இணைத்தால் 2 ஜிபி வரை தொடாமல் வந்து சேரும்.

மூலமும் போனில் எடுத்தது என்பதால் பெரும்பாலும் ஏஏசிதான். பரவாயில்லை. பாம்பன் கரையில் மைக்கில் அறைந்திருக்கும் காற்றுதான் அந்தப் பாட்டைக் கெடுத்திருக்குமே தவிர, ஏஏசி அல்ல. காற்றிரைச்சலை அடாசிட்டி என்ற இலவச ஒலித்திருத்த மென்பொருளில் குறைக்கப் போகிறீர்கள் என்றால், அங்கே ஃபிளாக்குக்கு வேலை உண்டு: திருத்தித் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி தேயாமல் இருக்க ஃபிளாக்காகவோ வேவாகவோ வையுங்கள். மூலக் கோப்பில் கை வைக்காமல், இரண்டு இடத்தில் நகல் எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

கேள்வி: நான் ஏற்கெனவே ஏமாந்துவிட்டேன். 'ஒரிஜினல் லாஸ்லெஸ்' என்று பில்லிலேயே எழுதி ஒரு பென்டிரைவ் பாட்டு விற்றார்கள். பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா?
– வாசகர், கீழக்கரை

பதில்: பில்லில் எழுதிக் கொடுத்த புண்ணியவானை வாழ்த்துங்கள், அதுதான் உங்கள் பிடி. அடாசிட்டியில் பாட்டைத் திறந்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றுங்கள். சிடியிலிருந்து நேராக எடுத்த பாட்டில் தாளச் சத்தம் வரும் இடங்களில் கோலம் 20 கிலோஹெர்ட்ஸையும் தாண்டி ஏறும். சுருக்கியதை உப்ப வைத்திருந்தால் பல சமயம் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தரித்தது போல மேலே வெறும் இருட்டு. மிகப் பழைய ஒலிப்பதிவுகளில் மேலே எதுவும் இருக்காது, எனவே ஒரு பாட்டைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். பத்துப் பாட்டாவது பாருங்கள்.

படங்களை எடுத்துக்கொண்டு முதலில் கடையில் கேளுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. ஒரு விஷயம்: அந்தக் கடைக்குப் பாட்டை விற்கும் உரிமமே இருக்கிறதா என்ற கேள்வியும் எழும். அதனாலேயே பலர் 1915 என்று சொன்னதும் பணத்தை எடுத்து நீட்டிவிடுவார்கள்.

கேள்வி: காரில் ஃபிளாக் பாட்டு ஓடவில்லை. செட்டை மாற்ற வேண்டுமா?
– வாசகர், தொண்டி

பதில்: வேண்டாம். பென்டிரைவ் ஃபேட்32 என்ற ஃபார்மேட் முறையில் இருக்கிறதா என்று பாருங்கள், பல செட்டுகளுக்கு வேறு எதுவும் பிடிக்காது. அதற்கும் பாடவில்லை என்றால் எம்4ஏ போட்டுப் பாருங்கள். சாலையில் டயர் இரைச்சலுக்கு நடுவே வித்தியாசம் தெரிந்தால் எனக்கு எழுதுங்கள்.