உடம்பு குறைக்கும்போது சின்ன சைஸ் துணி வாங்கி வைத்தால் பலன் இருக்குமா? எடை குறைந்தும் உடல்வாகு மாறாவிட்டால் என்ன செய்வது?

நீங்கள் கேட்டிருக்கிற விதத்தைப் பார்த்தால் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றுதான் தோன்றுகிறது. எம் சைஸ் டாப்பைக் கண்ணில் படுகிற மாதிரி பீரோ கதவில் மாட்டியும் இருப்பீர்கள். முதலில் அதை எடுத்து உள்ளே மடித்து வைத்துவிட்டு வாருங்கள், மீதியைச் சொல்கிறேன்.

நான் டாக்டர் கிடையாது, டயட்டீஷியனும் கிடையாது. பழைய வண்ணாரப்பேட்டையில் குடியிருக்கிறேன், பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு பிள்ளைகள், இரண்டும் ஆபரேஷன். என் அனுபவத்துக்கு மேல் எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அனுபவத்தை நான் காசு கொடுத்து, முடி கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

2022 ஜூனில் என் எடை 86 கிலோ. உயரம் 5 அடி 2 அங்குலம். மூன்று மாதச் சர்க்கரை சராசரி 6.1 என்று வந்தது. 5.7 தாண்டினாலே சர்க்கரைக்கு முந்தின கட்டம், 6.5 தொட்டால் சர்க்கரை வியாதி என்று டாக்டர் விளக்கினார். நம் ஊர்ப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லதாம். எனக்கு 104. அவர் சொன்னது அவ்வளவுதான்: சாப்பாட்டைப் பாருங்கள், தினமும் நடங்கள். துணியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த யோசனை எனக்கே வந்தது.

அடுத்த மாதம் ஆடித் தள்ளுபடி. எங்கள் பக்கத்துத் துணிக்கடைத் தெருவான எம்.சி. ரோடுக்குள் போய்விட்டு வெறுங்கையோடு வருகிறவர்கள் யாராவது உண்டா? மயில்கழுத்து நிறத்தில், ஓரம் முழுக்க மெல்லிய சரிகை போட்ட சில்க் காட்டன் டாப், அதே துணியில் துப்பட்டா. 1,450 ரூபாய். எக்ஸ்எக்ஸ்எல் இருந்தது, நான்தான் எம் எடுத்தேன். நாத்தனார் பெண்ணுக்குத் தை மாதம் நிச்சயதார்த்தம், அதற்குள் இதில் நுழைந்துவிட வேண்டும் என்று. போட்டுப் பார்க்க அந்தக் கடையில் அறை கிடையாது. மாற்றித் தருவீர்களா என்றால், தள்ளுபடிச் சரக்கு மாற்ற முடியாது என்று பில்லிலேயே முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

நடக்க ஆரம்பித்தேன். இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். உடம்பு குறைப்பது பற்றி யார் எழுதினாலும் "காலையில் பீச்சில் நடங்கள்" என்று எழுதுகிறார்கள். எந்த பீச்சில்? எங்கள் பக்கம் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் கல், மறுபக்கம் எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி. இந்தக் கடற்கரையில் மணல் வருடத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவரைக் கட்டியபோது அந்த மணல் தெற்குப் பக்கமே தேங்கிவிட்டது. அப்படித்தான் மெரினா அவ்வளவு அகலமானது, எங்கள் கரையைக் கடல் தின்றது. எங்களுக்கு வர வேண்டிய மணலில்தான் மற்றவர்கள் வாக்கிங் போகிறார்கள். நான் வண்ணாரப்பேட்டை மெட்ரோவிலிருந்து வீடு வரைக்கும், லாரிப் புகையில், டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். ஷேர் ஆட்டோவை விட்டேன். சாயந்திர பஜ்ஜியை விட்டேன். சோற்றை ஒரு கரண்டி குறைத்து, ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டு மீனை வறுக்காமல் குழம்பு வைத்தேன்.

ஐந்து மாதத்தில் 7 கிலோ குறைந்தது. இப்போது நினைத்தால் அது எவ்வளவு பெரிய காரியம்! அன்றைக்கு எனக்கு அது பெரிதாகவே படவில்லை. தினமும் காலையில் தலை வாரும்போது அந்த மயில்கழுத்து டாப் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். மார்கழி பிறந்ததும் பயம் வந்துவிட்டது. மூன்று வாரம் இரவுச் சாப்பாட்டை அடியோடு நிறுத்தினேன், மதியம் வெள்ளரிக்காயும் மோரும். ஒருநாள் மெட்ரோ படியில் கண் இருட்டிவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் பூ விற்கிற அம்மா சோடா வாங்கி வந்து கொடுத்தார். "இன்னாம்மா, முழுகாம கீறியா?" என்று கேட்டார்.

நிச்சயதார்த்தத்தன்று காலையில் டாப்பை எடுத்தேன். தலை நுழைந்தது. கை முழங்கைக்கு மேலே ஏறவில்லை. இழுத்துப் பிடித்து மார்பு வரை இறக்கினேன், அதோடு நின்றுவிட்டது. இரண்டு கையும் தலைக்கு மேலே, முகத்தின் மேல் துணி. கழற்றவும் முடியவில்லை. வாசலில் ஆட்டோ வந்துவிட்டது என்று அவர் கூப்பிடுகிறார். கடைசியில் என் மகள்தான் கதவைச் சாத்திவிட்டு, மெதுவாக, துணி கிழியாமல் கழற்றிவிட்டாள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. அழாதேம்மா என்று சொல்லவில்லை. உள்பாவாடையை எடுத்துக் கொடுத்துவிட்டு, எந்தப் புடவை என்று கேட்டாள்.

போன இடத்தில் என்ன நடந்தது தெரியுமா? "என்ன இப்படி இளைச்சுட்ட, சுகர் வந்துடுச்சா?" குறைந்தது ஆறு பேர். உடம்பு பெருத்தால் பேச்சு, இளைத்தால் வியாதி. சித்திரையில் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. பட்டினி கிடந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படி உதிரும், ஒழுங்காகச் சாப்பிட்டால் திரும்ப வளரும் என்றார் டாக்டர். வளர்ந்துவிட்டது. ஆனால் அந்த நாட்களில் குளியலறை வடிகட்டியைப் பார்க்கவே மனம் வராது.

அன்றைக்கு அதே டாக்டர் இன்னொன்றும் சொன்னார். இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு என்று 2006இல் ஒன்று வெளியானது, எங்கள் ராயபுரத்தில் இருக்கிற நீரிழிவு ஆய்வு மையத்தில் டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடத்தியது. சர்க்கரைக்கு முந்தின கட்டத்தில் இருந்த 531 பேர், ஏறக்குறைய மூன்று வருடம். சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்குபடுத்தியவர்களுக்குச் சர்க்கரை வரும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. ஆனால் அவர்களுடைய எடை சொல்லும்படி குறையவே இல்லையாம். நான் அதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். தராசு முள் நகராமலே உள்ளே நல்லது நடக்கும் என்றால், ஆறு மாதமாக ஒரு துணியிடம் ஏன் மார்க் வாங்கிக்கொண்டிருந்தேன்?

"சோம்பேறித்தனத்துக்குச் சாக்கு சொல்கிறாள்" என்று நினைப்பவர்களுக்கு: அதற்கப்புறமும் நான் விடவில்லை. அவசரம் இல்லாமல் 2023 கடைசிக்குள் 71 கிலோவுக்கு வந்தேன். சர்க்கரை சராசரி 5.6. இடுப்பு 91 சென்டிமீட்டர். 80க்கு இன்னும் வழி இருக்கிறது, தெரியும், நடந்துகொண்டுதான் இருக்கிறேன். எடை குறைக்க வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை.

உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதிக்கு எனக்குப் பதில் சொன்னது எங்கள் தையல்கார பாய்தான். 71 கிலோ ஆனதும் என் கல்யாணப் பட்டு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனேன். 2009இல் அவரே தைத்தது, அரக்கு நிறம். "பாய், கல்யாணத் தையலுக்கே பிடிச்சுக் குடுத்துடுங்க" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பி, ட்யூப் லைட்டுக்குக் கீழே பிடித்தார். பாதி பிளேடை விரலிடுக்கில் வைத்து, பக்கத் தையலில் நாலு இழையை நறுக்கி விரித்தார். மடிப்புக்குள் இருந்த துணி கடையில் எடுத்த அன்றைக்கு இருந்த அதே அரக்கு. வெளிப்பக்கம் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அதை ஒட்டி, வெளுத்த பக்கத்தில் ஊசி போன ஓட்டைகள் வரிசையாக இருந்தன. "இது கல்யாணம், முப்பத்தாறு. இது பெரிய பொண்ணு பொறந்தப்போ பிரிச்சது, முப்பத்தெட்டு. இப்ப நான் அறுத்தது பையன் பொறந்தப்போ போட்டது, நாப்பது." விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக் காட்டினார். 86 கிலோவில் அந்த ஜாக்கெட்டுக்குள் நான் போகவே முடியாமல் இருந்தது, துணியே தீர்ந்துபோன காலம் அது.

போட்டுக்கொண்டு வரச் சொன்னார். டேப்பைப் போட்டார். முப்பத்தொன்பது. நாற்பதுக்கும் முப்பத்தெட்டுக்கும் நடுவில், எந்த ஓட்டையும் இல்லாத இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். "இனிமே உன் அளவு இதுதாம்மா. கொழுப்பு கரையும், எலும்பு கரையுமா? தோளு, வெலா, இடுப்பெலும்பு எல்லாம் அப்படியேதான இருக்கும்" என்றார். வயிற்றைத் தொட்டுக் காட்டி இது மட்டும் ஏன் போகவில்லை என்று கேட்டபோது, அது டாக்டரைக் கேளு என்றுவிட்டார். கேட்டேன். பிள்ளைப்பேற்றில் வயிற்றுத் தசை நடுவில் விலகியிருக்கும், இழுபட்ட தோலும் பழைய மாதிரி சுருங்காது. இந்த இரண்டையும் பட்டினி கிடந்து சரிசெய்ய முடியாது, தசைக்குத் தனிப் பயிற்சி உண்டு என்றார். உடம்பில் எந்த இடத்தில் முதலில் கரையும் என்பதும் நம் இஷ்டம் இல்லையாம். எனக்கு முகமும் மார்பும் முதலில் போயின, இடுப்பு கடைசியில். என் அம்மாவுக்கும் அப்படித்தான். ஆக, அந்த டாப் எனக்கு ஏன் நுழையவில்லை என்றால், எம் என்றால் சுற்றளவு 38 அங்குலம், இன்றைக்கும் என் மார்பு 39, இடுப்புக்குக் கீழே பின்புறத்தோடு சேர்த்து அளந்தால் 43. கணக்கு எழுதுகிறவள், இந்தக் கணக்கை வாங்கும்போதே போட்டிருக்கலாம்.

அதுவும் ஒரு கடை எம் இன்னொரு கடை எல். நம் ஊர் ரெடிமேட் சைஸுக்கெல்லாம் பெரும்பாலும் வெளிநாட்டு அளவுதான் அடிப்படை. இந்தியர்களுக்கென்று தனி அளவு வேண்டும் என்று, ஆடை வடிவமைப்பு சொல்லித் தருகிற நிஃப்ட் நிறுவனம் 25,000 பேரை அளக்கப் போவதாக அறிவித்தது. தில்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், ஷில்லாங். தரமணியில் அவர்களுக்கே ஒரு கல்லூரி இருந்தும் சென்னை அந்தப் பட்டியலில் இல்லை. எங்கள் இடுப்பை யார் அளந்தார்கள்? பாய்தான் அளந்தார்.

எனவே காசு செலவழிப்பதாக இருந்தால் இப்போதைய உடம்புக்குச் செலவழியுங்கள். குறையும்போது உள்ளாடை அளவுதான் சீக்கிரம் மாறும், அதை முதலில் மாற்றுங்கள், மேலே எதைப் போட்டாலும் அப்போதுதான் பொருந்தும். ஜாக்கெட்டை ஐந்து கிலோவுக்கு ஒரு தடவை பிடிக்கக் கொடுங்கள், எனக்கு ஒன்றுக்கு 80 ரூபாய் ஆகிறது. பேன்ட் நாடா வைத்ததாக இருக்கட்டும். உள்பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டி இடுப்பை ஒல்லியாகக் காட்டாதீர்கள், அந்தக் கறுப்புத் தழும்பு இன்னும் எனக்குப் போகவில்லை. அடுத்த சைஸில் ஒன்று வாங்கியே தீர வேண்டும் என்று ஆசையாக இருந்தால், இப்போது போடுகிற சைஸுக்கு ஒரே ஒரு படி கீழே வாங்குங்கள். தேதி மட்டும் வைக்காதீர்கள். கல்யாணம், நிச்சயம் என்று தேதி வைத்தால்தான் பட்டினி கிடக்கத் தோன்றும்.

மயில்கழுத்து டாப்பையும் பாயிடம்தான் கொண்டு போனேன். பக்கத் தையலில் அரை விரல் துணிகூட விடாமல் தைத்திருந்தார்கள், ரெடிமேடில் பெரும்பாலும் அப்படித்தான். துப்பட்டா இருக்கிறதா என்று கேட்டார். அதிலிருந்து நாலு விரல் அகலத்தில் பட்டை வெட்டி, கையில் தொடங்கி இடுப்பு வரைக்கும் இரண்டு பக்கமும் வைத்துத் தைத்தார். சரிகை ஓரம் பக்கவாட்டில் நேராக இறங்குகிறது, அப்படியே தைத்து வாங்கியது மாதிரி இருக்கிறது. திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோவிலுக்குப் போட்டுக்கொண்டு போனேன். எங்கே எடுத்தாய் என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

உங்கள் டாப்பையும் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். பக்கத் தையலுக்கு அப்பால் ஒரு விரல் துணி இருந்தால் பிரிக்கலாம். இல்லாவிட்டால் துப்பட்டாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.