ராம்ப்ளர் விற்றவர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் சூப்பர்வைசராக இருக்கிறேன். அமெரிக்க கார் கம்பெனிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில், ஜார்ஜ் ராம்னி என்ற முதலாளி பிறகு மிச்சிகன் மாநிலத்தின் கவர்னர் ஆனார் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எங்கள் டீக்கடையில் தினமும் நடக்கிற பேச்சே இதுதான். "ஒரு நல்ல முதலாளி கையில ஆட்சியைக் குடுத்துப் பாருங்க, கம்பெனி மாதிரி ஓட்டிக் காட்டுவான். கணக்கு சுத்தமா இருக்கும், வெட்டிச் செலவு இருக்காது" என்கிறார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. ஆனால் ஏன் இல்லை என்று எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. ராம்னி எப்படி ஆண்டார்? கம்பெனி மாதிரிதான் ஓட்டினாரா?

ர., திருப்பூர்

அன்புள்ள ர.,

அந்த ஒரு வரியோடு நகர்ந்தது என் தவறுதான். அவர் ஒரு வரிக்குள் அடங்குகிற ஆள் இல்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். அமெரிக்காவில் கவர்னர் என்பவர் நம் ராஜ்பவனில் இருப்பவரைப் போன்றவர் அல்ல. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். நம் முதலமைச்சரின் வேலை அவருடையது. வரவுசெலவு, வரி, மாநிலப் போலீஸ் எல்லாமே அவர் தலையில்தான். ஆகவே உங்கள் டீக்கடைக் கேள்விக்கு ராம்னி பொருத்தமான ஆள்.

ராம்னி 1907-ல் பிறந்தது மெக்சிகோவில். பலதார மணத்தை அமெரிக்கச் சட்டம் தடை செய்தபோது எல்லை தாண்டிப்போன மார்மன் சபைக் (அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவச் சபை) குடும்பங்களில் அவர் தாத்தாவின் குடும்பமும் ஒன்று. அவருடைய அப்பாவுக்கு மனைவி ஒருத்தர்தான். 1912-ல் மெக்சிகோப் புரட்சியில் அங்கிருந்த மார்மன்கள் வீடு வாசலை விட்டுவிட்டு டெக்சாஸ் எல்லைக்கு ஓடிவந்தார்கள். அப்போது ஜார்ஜுக்கு ஐந்து வயது. அதன்பின் லாஸ் ஏஞ்சலஸ், ஐடஹோ, சால்ட் லேக் சிட்டி என்று ஊர் ஊராக மாறினார்கள். அப்பா வீடு கட்டிக்கொடுக்கிற தொழில்காரர். ஒரு தடவை எழுவார், அடுத்த தடவை விழுவார். பையன்களும் அவரோடு வேலைக்குப் போனார்கள். சுவருக்குப் பட்டைச் சட்டம் அடிக்கிற வேலையில் ஜார்ஜ் ஒரு கை நிறைய ஆணியை வாயில் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கூர்முனை முன்னால் வரும்படி துப்பி எடுத்து அடிப்பாராம். பின்னாளில் அவருடைய மகன் மிட் ராம்னி இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அந்த மகனும் மாசசூசெட்ஸில் கவர்னராக இருந்தவர்தான். ஜார்ஜ் சில கல்லூரிகளில் சேர்ந்தார், எதிலும் பட்டம் வாங்கவில்லை.

1954-ல் நாஷ், ஹட்சன் என்ற இரண்டு கார் கம்பெனிகள் இணைந்து அமெரிக்கன் மோட்டார்ஸ் உருவானது. அதே வருஷம் அதன் தலைவர் ஜார்ஜ் மேசன் இறந்துபோனார். அந்த நாற்காலி ராம்னிக்கு வந்தது. வந்தபோது கம்பெனி நஷ்டத்தில் இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் என்ற மூன்று யானைகளும் வருஷத்துக்கு வருஷம் காரை நீளமாக்கி, பின்னால் மீன் துடுப்பு மாதிரி இறக்கை வைத்து விற்றுக்கொண்டிருந்த காலம். ராம்னி சின்னக் காரைக் கையில் எடுத்தார். அதுதான் ராம்ப்ளர். பத்தொன்பது அடி நீளம், இரண்டு டன் எடையுள்ள வண்டியை எடுத்துக்கொண்டு மூன்று தெரு தள்ளியிருக்கிற கடைக்குக் கொண்டை ஊசி வாங்கப் போகிறோமே, இது என்ன நியாயம் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பெரிய கார்களுக்கு அவர் வைத்த பெயர் 'பெட்ரோல் குடிக்கும் டைனோசர்'. பழைய நாஷ், ஹட்சன் பெயர்கள் இரண்டையும் கைவிட்டு எல்லாவற்றையும் ராம்ப்ளர் மேல் வைத்தார். தன் சம்பளத்தையும் சேர்த்துத்தான் அதிகாரிகளின் சம்பளத்தை வெட்டினார். 1958-ல் நாடே மந்தத்தில் கிடந்தபோது ராம்ப்ளர் விற்பனை ஏறியது. 7 டாலரில் கிடந்த பங்கு 90 டாலரைத் தொட்டது.

கம்பெனி கொழித்த பிறகு என்ன செய்தார் என்பதைத்தான் நீங்கள் டீக்கடையில் சொல்ல வேண்டும். 1960-ல் அவருக்கு 1,00,000 டாலர் போனஸ் வந்தது. வேண்டாம் என்றார். வருஷத்துக்கு 2,25,000 டாலருக்கு மேல் எந்த நிர்வாகிக்கும் தேவையில்லை என்று இயக்குநர் குழுவிடம் சொன்னார். அடுத்த வருஷம் தொழிற்சங்கத்தோடு லாபப் பங்கீட்டு ஒப்பந்தம் போட்டார். கார்த் தொழிலில் அது புதிது. அதற்கு முன்பே, 1958-ல், செனட் குழுவின் முன்னால் உட்கார்ந்து, அளவுக்கு மீறிப் பெருத்துப்போன கார் கம்பெனிகளைச் சட்டம் போட்டு உடைக்க வேண்டும், தொழிற்சங்கத்தையும் அப்படியே என்று சாட்சி சொல்லியிருந்தார். ஒரு முதலாளி வாயிலிருந்து வந்த பேச்சு இது.

எந்தத் தலைவரைப் பற்றிப் படித்தாலும் நான் முதலில் தேடுவது, தானாக மடியில் வந்து விழுந்த எதை அவர் வேண்டாம் என்றார் என்பதைத்தான். ராம்னியின் வாழ்க்கையில் அந்த 'வேண்டாம்' திரும்பத் திரும்ப வருகிறது. அது அவருக்குக் கம்பெனியில் பழகிய புத்தி என்று நான் நினைக்கவில்லை. கம்பெனிக்குள் நுழையும்போதே அவரிடம் இருந்த ஒன்று.

1959-ல் மிச்சிகன் அரசால் ஊழியர்களுக்கு உரிய நாளில் சம்பளம் போட முடியவில்லை. கார்த் தொழிலால் செழித்த மாநிலத்துக்கு வந்த கதி அது. ராம்னி கட்சி சாராத ஒரு குடிமக்கள் அமைப்பைத் தொடங்கினார். மாநிலத்தின் அரசியல் சட்டம் 1908-ல் எழுதியது, அதை மாற்றி எழுதாமல் விடியாது என்றார். 1961-ல் அதற்கான மாநாடு கூடியது, அதில் அவரும் உறுப்பினர். 1962 தொடக்கத்தில், 24 மணி நேரம் உண்ணாமல் பிரார்த்தனையில் இருந்துவிட்டு, குடியரசுக் கட்சி சார்பில் கவர்னர் தேர்தலில் நிற்பதாக அறிவித்தார். ஜெயித்தார். 1964-லும் 1966-லும் மறுபடி ஜெயித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசாரத்துக்குப் போக மாட்டார்.

இப்போது உங்கள் நேரடிக் கேள்விக்கு வருகிறேன். கம்பெனி மாதிரி ஓட்டினாரா? உங்கள் கம்பெனியில் ஆர்டர் இல்லை என்றால் ஒரு லைனை நிறுத்திவிடுவார்கள். அந்த டெய்லர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மாநிலத்தில் எந்த லைனை நிறுத்துவது? பள்ளிக்கூடத்தையா, மனநல மருத்துவமனையையா? ராம்னி அதைச் செய்யவில்லை. டீக்கடைக்காரர்கள் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக, வருமான வரி போட்டார். அதுவரை மிச்சிகனில் மாநில வருமான வரி என்பதே கிடையாது. 1963-ல் முதலில் கொண்டுவந்தபோது அவர் கட்சிக்காரர்களும் சேர்ந்தே கவிழ்த்தார்கள். விடாமல் நின்று 1967-ல் நிறைவேற்றினார்: தனிநபர்களுக்கு 2.6 சதவீதம். பள்ளிகளுக்கும் நலத்திட்டங்களுக்கும் பணம் வந்தது. போனஸைத் திருப்பிக் கொடுத்த மனுஷன் வரி கேட்கும்போது, ஜனங்கள் திட்டினாலும் காது கொடுத்துக் கேட்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

கறுப்பின மக்களின் உரிமை விஷயத்தில் அவர் நின்ற இடம் இன்னும் கடினமானது. 1963 ஜூன் 23 அன்று மார்ட்டின் லூதர் கிங் டெட்ராய்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களோடு ஊர்வலம் போனார். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் ராம்னி போகவில்லை. அடுத்த சனிக்கிழமை, டெட்ராய்டை ஒட்டிய கிராஸ் பாயின்ட் என்ற பணக்கார ஊரில் வீட்டுப் பாகுபாட்டை எதிர்த்து ஒரு ஊர்வலம் நடந்தது. வீடு வாங்க வருகிறவரின் நிறம், பூர்வீகம், உச்சரிப்பு எல்லாவற்றுக்கும் மார்க் போட்டு, தேறாதவரைத் திருப்பி அனுப்புகிற முறையை வீட்டுத் தரகர்கள் வைத்திருந்த ஊர் அது. அங்கே முன்னறிவிப்பு இல்லாமல் கவர்னர் வந்து, கோட்டைக் கழற்றிவிட்டு, சட்டைக் கையோடு முன்வரிசையில் நடந்தார். அடுத்த ஜனவரியில், அவருடைய சபையின் பன்னிரண்டு மூத்தவர்களில் ஒருவர், இந்தப் போக்கு நல்லதல்ல என்று கவலையோடு கடிதம் எழுதினார். கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் தராமல் அந்தச் சபை 1978 வரை வைத்திருந்தது. ராம்னி டெட்ராய்ட் வட்டாரத்தில் சபையின் தலைவராகவே இருந்தவர், உண்ணாநோன்பு இருந்து முடிவெடுக்கிற அளவுக்கு நம்பிக்கை உள்ளவர். அந்தக் கடிதத்துக்குப் பிறகும் அவர் பின்வாங்கவில்லை. அந்த வருஷமே, நிறப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைச் சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்த கோல்ட்வாட்டரைத் தன் கட்சி ஜனாதிபதி வேட்பாளராக நிறுத்தியபோது, ஆதரவு தர மாட்டேன் என்றார்.

ஆனால் அவரைக் குறையில்லாதவர் என்று எழுதினால் அது உங்களுக்குச் செய்கிற துரோகம். 1967 ஜூலை 23, ஞாயிறு விடியற்காலை, டெட்ராய்ட் பன்னிரண்டாம் தெருவில் உரிமம் இல்லாத மதுக்கூடம் ஒன்றில் போலீஸ் புகுந்தது. அதிலிருந்து ஊரே பற்றிக்கொண்டது. ஐந்து நாளில் 43 பேர் செத்தார்கள், அவர்களில் 33 பேர் கறுப்பினத்தவர். 7,000-க்கும் மேல் கைது. ராம்னி, கவர்னரின் கையில் இருக்கிற தேசியக் காவற்படையை இறக்கினார், போதவில்லை. மத்திய ராணுவம் வேண்டுமென்றால் 'கிளர்ச்சி' என்று எழுத்தில் தர வேண்டும் என்று வாஷிங்டன் கேட்டது. அவர் தயங்கினார். உங்கள் கம்பெனிக்கும் தீக் காப்பீடு இருக்கும். அந்தப் பத்திரத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் என்னென்ன சமயத்தில் பணம் தர மாட்டோம் என்று போட்டிருப்பதை ஒருநாள் வாங்கிப் படித்துப் பாருங்கள். கிளர்ச்சி என்று கவர்னரே கையெழுத்துப் போட்டால், எரிந்துபோன கடைக்காரர்களுக்குக் காப்பீட்டுப் பணம் வராமல் போய்விடும் என்று அவர் பயந்தார். அவர் முதலாளியாக யோசித்த இடம் என்று நான் காட்டக்கூடியது இது ஒன்றுதான். அதிலும் யோசித்தது சின்னக் கடைக்காரனுக்காக. ஆனால் திங்கட்கிழமை விடியலில் ஆரம்பித்த இழுபறியில், ஜனாதிபதி ஜான்சனின் ராணுவம் தெருவில் இறங்க நள்ளிரவு தாண்டிவிட்டது. ராம்னியை அடுத்த தேர்தல் போட்டியாளராகப் பார்த்த ஜான்சனும் அரசியல் செய்தார் என்பது உண்மைதான். என்றாலும் ஒரு பகல் முழுக்க ஒரு சொல்லுக்காகக் கழிந்தது.

மூளைச்சலவை கதையை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1965-ல் வியட்நாம் போய்வந்து போரை ஆதரித்தவர், 1967 ஆகஸ்டில் ஒரு டெட்ராய்ட் தொலைக்காட்சிப் பேட்டியில், அங்கே தளபதிகளும் தூதரக அதிகாரிகளும் தனக்கு மூளைச்சலவை செய்துவிட்டார்கள், அந்தப் போருக்கு நாம் போயிருக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். அதற்கு முந்தின வருஷக் கடைசியில் கருத்துக்கணிப்பில் ஜான்சனையே முந்தி நின்ற மனிதர் அந்த ஒரு சொல்லில் சரிந்தார். 1968 பிப்ரவரியில் ஜனாதிபதி வேட்பாளர் போட்டியிலிருந்து விலகினார். அவர் சொன்னது உண்மை என்றுதான் நான் நினைக்கிறேன். உங்கள் நண்பர்கள் சொல்லும் 'சுத்தமான கணக்கு' விஷயமும் இதே தேர்தலில்தான் நடந்தது. வருமான வரிக் கணக்கைக் காட்டச் சொன்னார்கள். ஒரு வருஷக் கணக்கு கண்துடைப்பாக இருக்கலாம் என்று சொல்லி 12 வருஷக் கணக்கை எடுத்து வைத்தார்.

1969-ல் ஜனாதிபதி நிக்சன் அவரை வீட்டுவசதித் துறை அமைச்சராக்கினார். டெட்ராய்ட் எரிந்ததன் வேர் வீட்டுப் பிரச்சினையில் இருக்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. டெட்ராய்டின் வடக்கு எல்லையில் வாரன் என்று ஒரு ஊர். பெரிய கார்த் தொழிற்சாலைகள் உள்ள இடம். அங்கே வேலை பார்த்த கறுப்பினத் தொழிலாளிகள் ஏராளம். ஷிஃப்ட் முடிந்ததும் அத்தனை பேரும் ஊரைவிட்டு வெளியே வண்டி ஓட்டிப் போக வேண்டும். சுமார் 1,80,000 பேர் வாழ்ந்த ஊரில் கறுப்பினக் குடும்பங்கள் சில பத்துகள்தான். வீட்டுவசதியில் பாகுபாட்டைக் கைவிட்டால்தான் மத்திய அரசின் நகர மேம்பாட்டு நிதி என்றது ராம்னியின் துறை. 1970 ஜூலையில் அவரே வாரனுக்குப் போனார். மூன்று முறை அவரைத் தேர்ந்தெடுத்த மாநிலம் அது. கூட்டம் கூச்சல் போட்டுத் துரத்தியது; போலீஸ் சுற்றி நின்று காருக்கு அழைத்துப் போனார்கள். நிக்சன் பின்னால் நிற்கவில்லை. கட்டாயமாகக் குடியேற்றும் எண்ணம் அரசுக்கு இல்லை என்று சொல்லிக் கைகழுவினார். 1973-ல் ராம்னி பதவியை விட்டுப் போனார்.

நவம்பர் 1970-ல் வாரன் மக்கள் ஓட்டுப் போட்டார்கள். பக்கத்தில் கறுப்பினத்தவர் குடிவருவதைவிட அந்த நகர மேம்பாட்டுத் திட்டமே, அந்தப் பணமே வேண்டாம் என்று.

அன்புடன்.